யாருடைய படை?
அயல்நாட்டு இராணுவ ஆலோசகர்களும் நட்பு அரசுகளும் – வியட்நாமை முன்வைத்து

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் இராணுவ விவகாரங்களில் நிபுணன் இல்லை. கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர் வேலை. பேரேட்டையும் வவுச்சரையும் பார்த்துப் பழகின கண்ணோடுதான் இந்தத் தலைப்பையும் பார்க்கிறேன். எவ்வளவு போச்சு, யார் கைக்குப் போச்சு, யார் பேரில் எழுதினாங்க – இந்த மூணு கேள்விதான் எனக்குத் தெரிஞ்ச ஆய்வுமுறை.

வியட்நாம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குண்டுவீச்சும் நாபாமும் தீயில் வெந்து ஓடிவரும் அந்தச் சிறுமியும்தான். அதெல்லாம் பிற்பாடு. 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் அமெரிக்கப் போர்ப்படை இறங்கியது. அதற்கு முன்னால் ஏறக்குறைய பதினைந்து வருஷம் அமெரிக்கா அங்கே இருந்தது. என்ன பெயரில் இருந்தது? 'ஆலோசகர்' என்ற பெயரில். நான் பேச வந்தது அந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி.

1950 செப்டம்பரில் அமெரிக்க இராணுவ ஆலோசனைக் குழு சைகோனில் ஏற்படுத்தப்பட்டது. அப்போது ஆண்டது பிரெஞ்சுக்காரன். அவன் ஆயுதத்தை வாங்கிக்கொண்டான், ஆலோசனையை வாங்கிக்கொள்ளவில்லை. 1954 மே 7இல் டியன் பியன் பூ வீழ்ந்தது. ஜெனீவா உடன்பாட்டில் நாடு 17ஆம் அட்சரேகையில் இரண்டாகப் பிரிந்தது. 1956இல் நடக்க வேண்டிய பொதுத்தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கில் நிகோ டின் டியெம் என்பவர் பிரதமராகி, 1955 அக்டோபரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி அதிபரானார். 98 சதவீத வாக்கு. சைகோனில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் நாலரை லட்சம். விழுந்த ஓட்டு ஆறு லட்சத்துக்கும் மேல். கணக்கு இங்கேயே உதைக்குது, பாருங்க. இந்த அரசுக்குத்தான் ஆலோசனை சொல்ல அமெரிக்கா வந்தது. ஆலோசகர் எண்ணிக்கைக்கு ஜெனீவாவை ஒட்டிய வரம்பு 342. 1960 இறுதியில் அது ஏறக்குறைய 900. 1963 இறுதியில் 16,000.

ஆலோசகர் என்பவர் யார்? ஒரு படைப்பிரிவின் தளபதியோடு கூடவே நடக்கிறவர். வரைபடத்தை விரித்து, இந்தப் பக்கமாப் போனா நல்லது என்று சொல்லலாம். போ என்று சொல்ல முடியாது. போகாதவனை வேலையை விட்டு நீக்க முடியாது. நன்றாகச் சண்டை போட்டவனுக்குப் பதவி உயர்வு கொடுக்கவும் முடியாது. அவருக்கு அந்த நாட்டு மொழி தெரியாது. பெரும்பாலோருக்கு ஒரு வருஷம்தான் தவணை. ஊர் பெயர்கள் வாயில் நுழையும்போது ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். அடுத்த ஆள் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதையெல்லாம் பயிற்சிக் குறைபாடு, மொழிக் குறைபாடு என்று பட்டியலிட்டு, சரிசெய்தால் தீரும் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அது அத்தனை எளிதல்ல என்பதுதான் என் வாதம். அந்த அரசு யாருக்குப் பயந்தது, அந்த நிலம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் ஆலோசகரின் குறிப்பேட்டுக்கு வெளியே இருந்தன.

முதலில் பயம். 1960 நவம்பரில் டியெமின் சொந்தப் பாராசூட் படையே அவர் மாளிகையைச் சுற்றி வளைத்தது. 1962 பிப்ரவரியில் அவருடைய விமானப்படை விமானிகள் இருவர் மாளிகை மீதே குண்டு போட்டார்கள். இரண்டிலும் தப்பித்தார். அதற்குப் பிறகு அவருக்குப் படை என்பது கெரில்லாக்களை எதிர்க்கும் கருவி என்பதைவிட, தன்னைக் கவிழ்க்கக்கூடிய அல்லது காப்பாற்றக்கூடிய சாதனமாகிவிட்டது. திறமைக்குப் பதவி இல்லை, விசுவாசத்துக்குப் பதவி. ஒரு தளபதி மேல் இன்னொரு தளபதி ஒற்றன். மாகாணத் தலைவர்கள் நேராக அதிபரிடம் பேசலாம், இடையிலிருக்கும் இராணுவ அதிகாரியைத் தாண்டி. அமெரிக்கக் கண்ணில் இது நிர்வாகக் குழப்பம். டியெம் கண்ணில் இது பாதுகாப்பு ஏற்பாடு. அவர் கணக்கில் அவர் சரிதான்! இரண்டு பேரும் ஒரே எதிரியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு எதிரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது களத்தில் எப்படி வெளிப்பட்டது என்பதற்கு அப் பாக் என்ற கிராமம் சாட்சி. மெக்கோங் கழிமுகத்தில் மை தோ நகரத்துக்குப் பக்கத்து ஊர். நெல் வயல், வாய்க்கால், தென்னை – நம்ம டெல்டா மாதிரிதான். 1963 ஜனவரி 2. அங்கே கெரில்லாக்கள் சுமார் 350 பேர். எதிரே அரசுப் படை ஆயிரத்துக்கும் மேல். ஹெலிகாப்டர், கவச வண்டி, பீரங்கி, விமானம் எல்லாம் உண்டு. தளபதிக்கு ஆலோசகர் லெப்டினன்ட் கர்னல் ஜான் பால் வான். அவர் சின்ன விமானத்தில் மேலே சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறார். ஹெலிகாப்டர்கள் சுடப்பட்டு வயலில் விழுகின்றன. விழுந்தவர்களை மீட்கக் கவச வண்டிப் படையை முன்னே போகச் சொல்லி ரேடியோவில் கத்துகிறார். அதன் தலைவன் கேப்டன் லீ டோங் பா அமெரிக்கர்களிடமிருந்து தனக்கு உத்தரவு கிடையாது என்கிறான். வாய்க்கால் தாண்ட முடியாது என்கிறான். நேரம் போகிறது. மாகாணத் தலைவரின் படை தெற்கே உட்கார்ந்திருக்கிறது, நகரவில்லை. சாயங்காலம் பாராசூட் படையைக் கிழக்குப் பக்கம் இறக்கினால் கெரில்லாக்கள் வெளியேற வழியில்லை என்கிறார் வான். மேல் தளபதியான ஜெனரல் காவ் மேற்கில் இறக்குகிறார். கிழக்கு திறந்தே இருந்தது. இரவில் கெரில்லாக்கள் அந்த வழியாகப் போய்விட்டார்கள்.

அரசுப் படையில் இறந்தவர் சுமார் 80 பேர், அமெரிக்கர் 3 பேர், அய்ந்து ஹெலிகாப்டர் போயிற்று. கெரில்லாக்களில் இறந்தவர் 18 பேர்.

காவ் கோழை என்றோ முட்டாள் என்றோ முடித்துவிட்டால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சில மாதம் முன்பு ஒரு நடவடிக்கையில் ஆட்கள் செத்ததற்காக அவர் சைகோனுக்கு அழைக்கப்பட்டு டியெமிடம் கண்டனம் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு எதிரி இல்லாத இடமாகப் பார்த்துப் படை நடத்தினார். அப் பாக்கிற்கு முந்தின மாதம்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. கவச வண்டி எதற்கு? நாளைக்கு மாளிகையை யாராவது சூழ்ந்தால் ஓடிவருவதற்கு. அதை ஒரு வயல்வெளிக் கிராமத்தில் இழக்க முடியுமா? எதைச் செய்தால் பரிசு, எதைச் செய்தால் தண்டனை என்று அந்தத் தளபதிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆலோசகர் கையில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். சைகோனிலிருந்த அமெரிக்கத் தளபதி ஜெனரல் ஹார்கின்ஸ் இதை வெற்றி என்றார். கிராமம் நம் கையில்தானே இருக்கிறது என்றார். எதிரி காலி செய்த கிராமம்! கீழேயிருந்த ஆலோசகர்கள் உண்மையை எழுதினார்கள், மேலே போகப்போக அது வெளுத்தது. 1963 ஜூலை 8இல் வாஷிங்டனில் கூட்டுப் படைத்தலைவர்கள் முன்னால் வான் விளக்கம் தருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் ரத்து. ஏன்? நட்பு அரசு தோற்கிறது என்று ஒப்புக்கொண்டால் அதற்கு ஆலோசனை சொன்னவனும் தோற்றான் என்றுதானே அர்த்தம். மாணவன் ஃபெயில் என்றால் வாத்தியாருக்கும் ஃபெயில். அதனால் வாத்தியாரே மார்க் போட்டுக்கொண்டார்.

கொடுக்கிற பணத்தை நிறுத்தி மிரட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். வங்கியில் இருக்கிறவனுக்கு இதற்குப் பதில் சுலபமாகப் புரியும். ஆட்டுக்கடன் வாங்கினவன் இரண்டு தவணை தவறினால் நோட்டீஸ் வீட்டு வாசலுக்குப் போகும். கோடிக்கணக்கில் வாங்கினவன் தவறினால் அவனுக்கு இன்னொரு கடன் கொடுத்துப் பழைய வட்டியைக் கட்டியதாக எழுதுவார்கள். அவன் விழுந்தால் கொடுத்தவனும் விழுவான் என்பது அவனுக்குத் தெரியும். டியெமுக்கும் தெரிந்திருந்தது. கம்யூனிசத்தைத் தடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று உலகத்திடம் அறிவித்துவிட்டவன் அவ்வளவு சீக்கிரம் மூட்டை கட்ட மாட்டான் என்று. ஆலோசகர் எண்ணிக்கை கூடக்கூட அவர்கள் பேச்சின் எடை குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது நிலத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் மெக்கோங் கழிமுகத்தில் விளைச்சலில் பாதி வரைக்கும் நிலச்சுவான்தாருக்கு வாரம். பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்த வருஷங்களில் நிலச்சுவான்தார்கள் ஊரைவிட்டு நகரத்துக்கு ஓடினார்கள். வியட்மின் அந்த நிலத்தைப் பயிரிடுகிறவனுக்கே பிரித்துக் கொடுத்தது. டியெம் அரசு வந்ததும் வாரம் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1955இல் ஆணை போட்டது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? வாரமே கொடுக்காமல் பல வருஷம் உழுதவனிடம் போய், கால் பங்கு கொடு என்றால் அது சீர்திருத்தமா, பறிப்பா? நிலச்சுவான்தார்கள் திரும்பி வந்தார்கள், பல ஊர்களில் சிப்பாய்கள் துணையோடு. அந்தச் சிப்பாயின் தோளில் தொங்கிய துப்பாக்கி அமெரிக்கா கொடுத்தது. 1956இல் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. உச்சவரம்பு 100 ஹெக்டேர், அதாவது இருநூற்று அய்ம்பது ஏக்கர்! உபரி நிலம் கிடைத்தவனும் அதற்கு விலை கட்ட வேண்டும். குத்தகைதாரரில் சுமார் பத்தில் ஒரு பங்கினருக்குத்தான் அதனால் ஏதாவது கிடைத்தது.

இதிலும் ஒரு அமெரிக்க ஆலோசகர் இருந்தார். வுல்ஃப் லடெஜின்ஸ்கி. ஜப்பானில் போருக்குப் பின் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பெரும் பங்கு வகித்தவர். அங்கே பயிர் நிலத்தில் ஏறக்குறைய பாதி குத்தகையில் இருந்தது; சில வருஷத்தில் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே மனிதர், அதே அறிவு. ஜப்பானில் நடந்தது வியட்நாமில் ஏன் நடக்கவில்லை? ஜப்பானில் அமெரிக்கா ஆக்கிரமித்த அரசு. நிலச்சுவான்தாரின் தயவு அதற்குத் தேவையில்லை. சைகோனில் அது ஆலோசகர். யாரிடம் ஆலோசனை சொல்லியதோ அந்த அரசு நிலச்சுவான்தார்களின் தோள்மீது உட்கார்ந்திருந்தது. உன் தோளை நீயே வெட்டிக்கொள் என்று யாருக்கு ஆலோசனை சொல்ல முடியும்?

லடெஜின்ஸ்கி நமக்கு அந்நியர் இல்லை. பின்னாளில் இந்தியத் திட்டக்குழுவுக்காகத் தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களின் குத்தகை நிலைமையை ஆராய்ந்து எழுதினார். 1965இல் அது வெளிவந்தது. அறிக்கை எழுதுவது அவர் வேலை, நிலத்தைத் தொடுவது அரசின் வேலை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். ஆலோசனைக்குப் பஞ்சம் இருந்ததால் நடந்ததா அது?

படைக்குள்ளேயும் அதே படிநிலைதான். சைகோன் படையில் அதிகாரியாக வேண்டுமென்றால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அதை யார் வைத்திருந்தார்கள்? நகரத்துப் பிள்ளைகள், சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகள். கூலி வீட்டுப் பையன் எவ்வளவு தைரியமாகச் சண்டை போட்டாலும் சிப்பாயாகவே சாகணும். எதிர்த்தரப்பில் அவன் படைத்தலைவனாக முடிந்தது. 'தகுதி' என்ற சொல் எங்கெல்லாம் எதற்குப் பயன்படுகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏட்டில் மட்டும் இருந்த சிப்பாய்கள். செத்தவன் பெயரையும் ஓடிப்போனவன் பெயரையும் பட்டியலில் வைத்துச் சம்பளத்தை அதிகாரி எடுத்துக்கொள்வது. வியட்நாமியர் இதை 'பேய்ச் சிப்பாய்' என்றார்கள். அதிகாரிக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருப்பவன் 'தொட்டிச்செடிச் சிப்பாய்' – அழகுக்கு வைத்தது. நம்மூர் மஸ்டர் ரோல் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை.

மக்களைக் கெரில்லாக்களிடமிருந்து பிரிக்க 1962இல் 'வியூகக் கிராமம்' என்று ஒரு திட்டம் வந்தது. ஊரைப் பெயர்த்து முள்வேலிக்குள் வைப்பது. மலேயாவில் இதைச் செய்து வென்றோம் என்று சொல்லி வந்தவர் பிரிட்டிஷ் ஆலோசகர் ராபர்ட் தாம்ப்சன். ஆனால் மலேயாவில் பிரிட்டிஷ்காரன் ஆலோசகன் இல்லை, அரசே அவன்தான். நிலம் கொடுக்கவும் அவனால் முடிந்தது. தமிழரான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கில் போடவும் முடிந்தது. வியட்நாமில் திட்டத்தை நடத்தியது டியெமின் தம்பி நூ. முன்னின்று அவசர அவசரமாக விரிவாக்கிய அதிகாரிகளில் ஒருவர் கர்னல் பாம் நிகோக் தாவ். அவர் எதிர்த்தரப்பின் இரகசிய ஆள் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. உழவனை அவன் தாத்தா கல்லறையிலிருந்தும் வயலிலிருந்தும் பெயர்த்தால் அவன் யார் பக்கம் போவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது!

நம் இயக்கங்கள் ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டியது மத்திய மலைப்பகுதியின் கதையை. அங்கே ராதே, ஜராய் போன்ற பல பழங்குடி மக்கள். சமவெளி வியட்நாமியர் அவர்களைக் கூப்பிட்ட பெயர் 'மோய்', அதாவது காட்டுமிராண்டி. டியெம் அரசு சமவெளி ஆட்களைக் கொண்டுவந்து அவர்கள் நிலத்தில் குடியேற்றியது. 1961 இறுதியில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் புவோன் எனாவ் என்ற ராதே கிராமத்தில் தொடங்கி, மலைமக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் மருந்தும் கொடுத்தார்கள். முதல் தடவையாக அவர்களை யாரோ மனுசனாக மதித்துப் பேசினார்கள். உறவு உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலோசகர் விருந்தாளி, வீட்டுக்காரன் சைகோன். முகாம்கள் சைகோன் அதிகாரிகள் கைக்குப் போயின. 1964 செப்டம்பரில் பான் மே துவோட் நகரைச் சுற்றியிருந்த முகாம்களில் மலைமக்கள் கலகம் செய்து வியட்நாமிய அதிகாரிகளைக் கொன்றார்கள், சுயாட்சி கேட்டார்கள். நடுவில் நின்று சமாதானம் பேசி அவர்களைத் திரும்ப முகாமுக்குள் அனுப்பியது யார்? அதே அமெரிக்க அதிகாரிகள்.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்த பிறகும் அவர்களில் ஒரு பிரிவு காட்டுக்குள் சண்டையைத் தொடர்ந்தது. 1992இல் கம்போடியாவின் மொண்டுல்கிரிக் காட்டிலிருந்து கடைசியாக ஏறத்தாழ 400 பேர் அய்.நா. படையிடம் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். தங்கள் தலைவர் ஒய் பாம் எனுவோலிடமிருந்து கட்டளை வருமென்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். அவரைக் கெமர் ரூஜ் 1975லேயே கொன்றுவிட்டது. பதினேழு வருஷம் அதைச் சொல்ல ஒரு ஆள் வரவில்லை. ஆயுதம் கொடுக்க வந்தவர்கள் நிறைய பேர்.

டியெமின் முடிவு தெரிந்ததுதான். 1963 ஆகஸ்ட் 21இல் புத்த விகாரைகளைச் சூறையாடியதில் முன்னணியில் நின்றது அமெரிக்கப் பணத்தில் பயிற்சி பெற்ற அவருடைய சிறப்புப் படை. கெரில்லாக்களை எதிர்க்க என்று வளர்த்த கை பிக்குகள் மேல் விழுந்தது. சொல்லித் திருத்த முடியாதவரைக் கவிழ்ப்பதற்கு வாஷிங்டன் பச்சைக்கொடி காட்டியது. நவம்பர் 1 அன்று தளபதிகள் எழுந்தார்கள். மறுநாள் டியெமும் தம்பியும் ஒரு கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள். பிறகு அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. கேள்வி மாறவில்லை. உழுகிறவனுக்கு இலவசமாக நிலம் என்ற உண்மையான சட்டம் 1970 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் எத்தனை லட்சம் பிணம்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வென்றவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. வடக்கில் 1953க்கும் 1956க்கும் இடையில் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பொய்க் குற்றச்சாட்டில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். கட்சியே 1956இல் தவறை ஒப்புக்கொண்டது. 1975க்குப் பிறகு முகாம்களில் வருஷக்கணக்கில் அடைக்கப்பட்டவர்களும் உண்டு. மலைமக்களுக்கு அந்த அரசும் சுயாட்சி கொடுக்கவில்லை. எளியவர்களின் பெயரால் வருகிற ஆட்சி எளியவர்களின் ஆட்சியாகத் தானாக மாறிவிடாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால் ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2001 முதல் 2021 வரை இருபது வருஷம். ஆப்கான் படைகளுக்காக மட்டும் அமெரிக்கா செலவழித்தது 8,000 கோடி டாலருக்கு மேல். ஏட்டில் மூன்று லட்சம் பேர். அதில் பெரும்பகுதி ஏட்டில் மட்டும்தான் என்று நிதியமைச்சராக இருந்த காலித் பயெண்டா பின்னால் சொன்னார். மறுபடியும் பேய்ச் சிப்பாய்! 2020 பிப்ரவரி 29இல் தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு கையெழுத்துப் போட்டபோது காபூல் அரசு அந்த மேசையில் இல்லை. விமானங்களைப் பழுது பார்த்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் போனதும் விமானங்கள் முடங்கத் தொடங்கின. 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் விழுந்தது. சிப்பாய்கள் கோழைகள் என்று வாஷிங்டனில் சிலர் பேசினார்கள். அந்த இருபது வருஷத்தில் பல்லாயிரக்கணக்கான ஆப்கான் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் செத்திருக்கிறார்கள். அவர்கள் யாருக்காகச் சாக வேண்டும் என்ற கேள்விக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் பதில் இல்லை.

தோழர்களே, ஆலோசகர்களில் நல்லவர்கள் இருந்தார்கள். உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவர்களும் இருந்தார்கள். பிரச்சினை தனிமனித நேர்மையில் இல்லை. ஆயுதத்தை வெளியிலிருந்து கொண்டுவரலாம், பயிற்சியைக் கொண்டுவரலாம், சம்பளத்தைக் கூடக் கொண்டுவரலாம். தன் குடிமக்களுக்குப் பயப்படும் ஓர் அரசுக்கு அந்தக் குடிமக்களின் சம்மதத்தை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. அந்தச் சம்மதம் நிலத்தில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது, யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

இனி ஏதாவது ஒரு நாட்டுக்கு 'ஆலோசகர்கள் மட்டுமே' அனுப்பப்படுகிறார்கள் என்று செய்தி வரும். வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே உழுகிறவன் யார், நிலம் யார் பேரில், அந்த அரசு ராத்திரியில் யாருக்குப் பயந்து கதவைச் சாத்துகிறது என்றும் கேளுங்கள். மலைமக்கள் விஷயத்தில் எனக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது: ஒடுக்கப்பட்ட ஒரு சிறு மக்கள் கூட்டம், தனக்குக் கை கொடுக்க வரும் அந்நியனின் கையை எந்த அளவுக்குப் பிடிக்கலாம், எப்போது விட வேண்டும்? அதை விவாதத்தில் பேசுவோம்.